ஒரு டப்பா, மூன்று பேர்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் மேலகரத்தில் எங்கள் வீடு வீடாக இருக்காது, லாட்ஜ்தான். சொந்தபந்தமெல்லாம் வந்து இறங்கும். காலையில் ஐந்தருவி, சாயங்காலம் பழைய குற்றாலம், ராத்திரி பிரானூர் பக்கம் பரோட்டா. இந்த வருஷம் துபாய் மருமகன் பேரீச்சம்பழத்தோடு ஒரு டப்பாவையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தான். மெக்னீசியம் கிளைசினேட்.

"மாமா, அங்க எல்லாரும் இதத்தான் போடுறாங்க. தூக்கம் வரும், குரக்குவலி நிக்கும், சுகருக்கும் நல்லதாம். நூத்தியிருபது மாத்திரை இருக்கு, ஆளுக்கு நாப்பது எடுத்துக்கிடுங்க."

திண்ணையில் அப்போது மூன்று நோயாளிகள் இருந்தோம். எனக்குப் பதினாலு வருஷச் சர்க்கரை. அதோடு நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒரு பேன்டோபிரசோல். ஆலங்குளத்து மதினி பீடி சுற்றியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். ரத்தக்கொதிப்பு உண்டு, கிரியாட்டினின் 2.1. என் தங்கைக்குத் தைராய்டு மாத்திரை, மாதத்தில் நாலைந்து நாள் ஒற்றைத் தலைவலி. மூவருக்கும் ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும் பொதுச் சொத்து.

நான் டாக்டர் இல்லை. தென்காசியில் ஒரு மொத்த மருந்துக் கடையில் இருபது வருஷம் கணக்கு எழுதியவன். அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. டப்பாவைத் திருப்பினேன். முன்னால் கொட்டை எழுத்தில் 1000 மில்லிகிராம். பின்னால், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், மாத்திரைக்கு மெக்னீசியம் 120 மில்லிகிராம். மிச்சம் 880 கிளைசின் என்ற அமினோ அமிலமும் மாத்திரையைக் கட்டுகிற பொடியும்.

எந்த மெக்னீசியம் டப்பாவை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சின்ன எழுத்தைத்தான். மெக்னீசியம் தனியாக மாத்திரைக்குள் உட்காராது, எதனோடாவது சேர்ந்து உப்பாகத்தான் வரும். ஆக்சைடில் எடைக்கு 60 சதவீதம் மெக்னீசியம். சிட்ரேட்டில் சுமார் 16, கிளைசினேட்டில் 14, த்ரியோனேட்டில் 8. கிளைசினேட் என்று எழுதிவிட்டு ஆயிரத்துக்கு 200 மில்லிகிராம் மெக்னீசியம் என்று ஒரு டப்பா சொன்னால், கணக்குப்படி அதற்குள் ஆக்சைடும் கலந்திருக்கிறது. சில கம்பெனிகள் 'பஃபர்ட்' என்று நாகரிகமாகப் போடும், சில அதையும் போடாது. விலையையும் இப்படித்தான் ஒப்பிட வேண்டும். அறுபது மாத்திரை அறுநூறு ரூபாய் என்றால் மாத்திரை பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய்க்கு எத்தனை மில்லிகிராம் மெக்னீசியம் என்று பார்த்தால் எது மலிவு என்பது தலைகீழாகிவிடும்.

அப்படியானால் 60 சதவீதம் உள்ள ஆக்சைடுதானே லாபம்? கடையில் அதுதான் மலிவும்கூட. ஆனால் ஆக்சைடு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, குடலிலும் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும். மீதி குடலிலேயே நின்று தண்ணீரை இழுக்கும், வயிறு இளகும். இந்தக் குணத்தை மருந்தாக்கியதுதான் மலச்சிக்கலுக்குத் தரும் வெள்ளைப் பால், மில்க் ஆஃப் மெக்னீசியா, அது ஹைட்ராக்சைடு. நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பேதி உப்பு சல்பேட். இந்த இரண்டையும் சத்து மாத்திரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பேதிக்குப் பேதி உப்பு, அவ்வளவுதான்.

சிட்ரேட் நன்றாகக் கரையும், நன்றாக உறிஞ்சப்படும், வயிற்றையும் கொஞ்சம் இளக்கும். கிளைசினேட் வயிற்றை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, விலை கூட. த்ரியோனேட் எல்லாவற்றிலும் விலை அதிகம். மூளைக்குள் போகும், ஞாபகசக்தி கூடும் என்று விற்கிறார்கள். ஆதாரமாகக் காட்டுவது எலிகளிடம் செய்த சோதனைகளும் ஒருசில சிறிய ஆய்வுகளும். என் காசை அதற்குக் கொடுக்க மாட்டேன்.

தோலில் தேய்க்கும் மெக்னீசியம் எண்ணெயும் ஸ்பிரேயும் இப்போது வருகின்றன. தோல் வழியாகப் போதுமான அளவு உள்ளே போகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறவர் கெண்டைக்காலைப் பிடித்து உருட்டும்போது வரும் சுகம் அந்தக் கையின் சுகம். எண்ணெயில் என்ன இருந்தாலும் அந்தச் சுகம் வரும்.

ஆனால் எந்த உப்பு என்ற கேள்வி இரண்டாவதுதான். நாள்பட்ட நோயோடு இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளின் பட்டியலையும், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்ற எண்ணையும். எங்கள் திண்ணையிலேயே ஒரே டப்பாவுக்கு மூன்று பதில் கிடைத்தது.

மதினியின் பதில் சுலபம்: தொடவே கூடாது. நல்ல சிறுநீரகம் மிஞ்சிய மெக்னீசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அதனால்தான் பலருக்கு இந்த மாத்திரையால் ஒன்றும் ஆவதில்லை. மதினியின் வயதுக்கும் கிரியாட்டினினுக்கும் கணக்குப் போட்டால், சிறுநீரகத்தின் வேலையைச் சொல்லும் அந்த எண், இ.ஜி.எஃப்.ஆர்., 26 வருகிறது. அது 30-க்குக் கீழே போனால் மெக்னீசியம் ரத்தத்தில் சேரத் தொடங்கும் ஆபத்து உண்டு. ரத்த அழுத்தம் இறங்கும், தசை தளரும், தூங்கி வழியும், மிஞ்சிப்போனால் இதயத் துடிப்பே மந்தமாகும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் பல ஜெல் மருந்துகளிலும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. மதினி அதையும் பையில் வைத்திருந்தார்!

"இது மாத்திரையே இல்லையே கொழுந்தனாரே, வெறும் பால்தான?" என்றார்.

அந்தப் 'பால்' சிறுநீரக நோயாளிக்கு மாத்திரையைவிட மோசமாகலாம், ஏனென்றால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மதினிக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதா மாதம் வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்ணிடம் வீட்டில் இருக்கும் மற்ற பாட்டில்களையும் எடுத்துக் காட்டச் சொன்னேன். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும், இதயத் துடிப்பு தடைப்படும் கோளாறு உள்ளவர்களும் இந்த டப்பாவிலிருந்து விலகியே நிற்க வேண்டும்.

என் கதை வேறு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சிறுநீர் நிறையப் போகும், அதோடு மெக்னீசியமும் போகும். பேன்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் குடலில் மெக்னீசியம் உறிஞ்சப்படுவது குறையலாம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2011-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. அவர்கள் ஆராய்ந்தவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறவில்லை, அந்த மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. எனக்கு அதை எழுதிக் கொடுத்தவர் ஆறு வாரத்துக்குத்தான் எழுதினார். ஆறு வருஷமாக்கியது நான்தான்.

ரத்தத்தில் பார்த்தேன்: 1.5. சாதாரணமாக 1.7-க்கு மேல் இருக்க வேண்டும். இந்தப் பரிசோதனையில் ஒரு சிக்கல் உண்டு. உடம்பில் உள்ள மொத்த மெக்னீசியம் சுமார் 25 கிராம். பாதிக்கு மேல் எலும்பில், மீதியில் பெரும்பங்கு தசையில். ரத்த நீரில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால் முடிவு சரியாக இருந்தாலும் உள்ளே குறைந்திருக்கலாம். குறைவாக வந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், நிஜமாகவே குறைவு. பொட்டாசியம் குறைந்து, எவ்வளவு கொடுத்தாலும் ஏறாமல் நின்றால் அங்கேயும் மெக்னீசியத்தைப் பார்க்கச் சொல்வார்கள். டாக்டர் என் பேன்டோபிரசோலைப் படிப்படியாகக் குறைத்து ஃபமோடிடினுக்கு மாற்றினார். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினால் எனக்கு வயிறு ஏற்கெனவே இளகித்தான் இருக்கும், ஆகவே சிட்ரேட் சரிப்படாது. கிளைசினேட்டே எனக்கு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் பெயரைப் பார்க்க வேண்டும். ஃப்யூரோசமைடு, குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயாசைடு ஆகியவை மெக்னீசியத்தை வெளியே அனுப்பும். ஸ்பைரனோலாக்டோன், அமிலோரைடு உள்ளேயே நிறுத்திவைக்கும். இரண்டையும் 'பி.பி. மாத்திரை' என்றுதான் வீட்டில் சொல்கிறோம்.

தங்கைக்கு இரண்டு கணக்கு. தைராய்டு மாத்திரையும் மெக்னீசியமும் ஒன்றாக வயிற்றில் சந்தித்தால் தைராய்டு மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் அது, ராத்திரி இது என்றால் பிரச்சினை இல்லை. டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட்டுக்கும் இடைவெளி விதி உண்டு, எத்தனை மணி நேரம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை எழுதினால், அந்த ஐந்து நாள் மெக்னீசியத்தை ஓரம் கட்டிவிடுவது உத்தமம். தைராய்டு குறைந்தவர்களுக்கு மலச்சிக்கல் சகஜம், தங்கைக்கும் உண்டு. ஆக, அவளுக்கு மருமகன் டப்பாவைவிட மலிவான சிட்ரேட்தான் பொருத்தம். ஒரே மருந்தில் இரண்டு வேலை.

ஒற்றைத் தலைவலிக்கு மெக்னீசியம் கேட்கும் என்பதில் ஓரளவு சான்று இருக்கிறது. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2012-ல் அதை 'அநேகமாகப் பலன் தரும்' வரிசையில் வைத்தது. ஆனால் அங்கே பேசப்படும் அளவு நாளைக்கு 400 முதல் 600 மில்லிகிராம். மாத்திரையாக எடுத்துக்கொள்ளும் மெக்னீசியத்துக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் பொது உச்சவரம்பு 350. அதைத் தாண்டுவது டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

மூவருக்கும் பொதுவான குரக்குவலி? அங்கேதான் டப்பா தோற்றுப்போகிறது. வயதானவர்களின் குரக்குவலிக்கு மெக்னீசியத்தால் குறிப்பிடத்தக்க பலன் இருக்க வாய்ப்பில்லை என்றுதான் 2020-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. உடம்பில் நிஜமாகவே குறைந்தவருக்கு நிற்கலாம், என்னைப் போல. மற்றவர்களுக்குப் படுக்கப் போகும் முன் கெண்டைக்காலை இழுத்துவிடுவதும், பகலில் தண்ணீர் குடிப்பதும் காசில்லாத வழிகள். சிறுநீரகக்காரர் மட்டும் தண்ணீருக்கும் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தக்கொதிப்பில் இதனால் கிடைக்கும் இறக்கம் இரண்டு புள்ளி அளவுதான். அதை நம்பிப் பி.பி. மாத்திரையை நிறுத்தினால் வம்பு. உடல்வலியும் அசதியும் தீராமல் இருப்பவர்களுக்கு 1991-ல் லான்செட்டில் 32 பேரிடம் ஊசியாகப் போட்டுப் பார்த்த ஒரு ஆய்வு நம்பிக்கை கொடுத்தது. ஆனால் அதே நோய் உள்ள வேறு நோயாளிகளிடம் மெக்னீசியம் குறைவே இல்லை என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். ஊசியின் உண்மையான இடம் ஆஸ்பத்திரிதான். பிரசவ காலத்து வலிப்பைத் தடுப்பதில் மெக்னீசியம் சல்பேட் ஊசிக்கு நிகர் இல்லை.

டப்பாவுக்கு முன்னால் அடுக்களையும் ஒரு தேர்வுதான். ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன தினசரித் தேவை ஆணுக்கு 440, பெண்ணுக்கு 370 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசி நூறு கிராமில் சுமார் 19 மில்லிகிராம்தான் இருக்கிறது. தவிடு போகாத அரிசியில் 90-க்கு மேல், கம்பில் 124, சோளத்தில் 133, கேழ்வரகில் 146. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு சாப்பிட்டுவிட்டு ராத்திரி பரோட்டாவும் தின்கிற சீசன் காலத்தில் கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரியும். எள்ளும் பாசிப்பயறும் கீரையும் தென்காசிச் சந்தையில் கிடைக்காததா? பயறை முளைகட்டினால் சத்தை உறிஞ்சவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டும் குறையும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் கேழ்வரகுக்கும் பயறுக்கும் அளவு கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அவற்றில் பாஸ்பரசும் பொட்டாசியமும் கூடவே வரும்.

தண்ணீரிலும் மெக்னீசியம் இருக்கிறது. மதினி எங்கள் வீட்டில் தலைக்குக் குளித்தால் "சோப்பு போகவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்வார், ஆலங்குளத்து போர் தண்ணீரில் நுரையே வராது என்பதால். தண்ணீரைக் கடினமாக்குவது கால்சியமும் மெக்னீசியமும்தான். குடிநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் மெக்னீசியம் வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அப்படிப்பட்ட தண்ணீர் இரண்டு லிட்டர் குடித்தால் 60 மில்லிகிராம், அரை மாத்திரைக்குச் சமம். ஆர்.ஓ. போட்டால் அதுவும் போய்விடும்.

கடையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்கலாம். சத்து மாத்திரையாக விற்கும் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதினான்கு இலக்க எண் இருக்க வேண்டும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரியைக் கம்பெனியே அச்சிட்டுவிட்டு, விளம்பரத்தில் சர்க்கரை தீரும் என்று சொன்னால் எதை நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் டப்பாவின் மூடியில் ஆரம்பித்த தேதியைப் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். எண் ஏறியிருந்தால் எவ்வளவு நாள் என்று டாக்டரிடம் கேட்பேன். ஏறாவிட்டால் டப்பாவை மூடிவிட்டு வேறு காரணம் தேடச் சொல்வேன். தங்கை சிட்ரேட் வாங்கினாள், தலைவலி வந்த நாளைக் காலண்டரில் வட்டமிடுகிறாள்.

மதினி ஊருக்குக் கிளம்பும்போது பேரீச்சம்பழப் பெட்டியைப் பார்த்தார். "மாத்திரைதான் கூடாதுன்னுட்டீய. இதாவது திங்கலாமா?" பேரீச்சையில் பொட்டாசியம் நிறைய. ஒன்றே ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். பெட்டியை மருமகன் உள்ளே கொண்டுபோனான்.