கதவு திறந்திருந்தும் இடமில்லை

கல்லூரிக்கு அரசு தரும் நிதி குறைந்தால் என்ன நேரும்? கட்டணம் உயரும் என்று உடனே விடை சொல்வோம். அது பாதி விடையே. மறு பாதியை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளின் வரலாறு கற்பிக்கிறது.

சமுதாயக் கல்லூரி என்பது ஈராண்டுக் கல்வி தரும் பொதுக் கல்லூரி. பள்ளிப் படிப்பை முடித்த எவரும் நுழைவுத் தேர்வின்றிச் சேரலாம். பகலெல்லாம் கடையில் உழைத்தவர் இரவில் கணக்கியல் பயில்வார். ஈராண்டு பயின்றபின் பல்கலைக் கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேருவோரும் பலர். 1984 வரை அம்மாநிலத்தார்க்கு அங்கே பாடக் கட்டணமே கிடையாது.

1978-இல் மக்கள் வாக்கெடுப்பால் சொத்து வரிக்கு வரம்பு விதிக்கப்பட்டது. அதுமுதல் கல்லூரிகள் பெரிதும் மாநிலக் கருவூலத்தை நம்பலாயின. 2008-இல் பொருளாதாரச் சரிவு வந்தது, கருவூலம் வற்றியது. ஆனால் வேலை இழந்தோர் புதுத் தொழில் கற்கக் கல்லூரியைத்தான் நாடினர். பந்திக்கு ஆள் பெருகிய வேளையில் உலையில் அரிசி குறைந்தது.

கல்லூரிகள் எப்படிச் சமாளித்தன? கட்டணத்தை வரையறுப்பது மாநிலச் சட்டமன்றம். கல்லூரி தானாக உயர்த்த முடியாது. சட்டமன்றமோ, 2009-இல் ஒரு பாட அலகுக்கு 20 டாலராக இருந்ததை 2012-க்குள் 46 டாலராக்கியது. ஏழை மாணவர்க்குத் தள்ளுபடி இருந்ததால் அவர்கள் அச்சுமையிலிருந்து தப்பினர். ஆனால் வேறொன்றிலிருந்து தப்பவில்லை. கல்லூரிகள் சேமநிதியைச் செலவிட்டன. ஓய்வு பெற்றோர் இடங்களை நிரப்பவில்லை. பகுதிநேர ஆசிரியரை நிறுத்தின. கோடை வகுப்புகளைச் சுருக்கின. நான்கே ஆண்டுகளில் வகுப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மறைந்தது. மாணவர் தொகையும் சுமார் 29 இலட்சத்திலிருந்து 24 இலட்சமாயிற்று.

வெளியே நின்றவர் யார்? வகுப்புக்குப் பதிவு செய்வதில் முன்பே பயில்வோர்க்கு முதலிடம், புதியவர்க்குக் கடையிடம். அவர்கள் முறை வருமுன் வகுப்புகள் நிரம்பிவிடும். கட்டணத் தள்ளுபடி கையில் இருந்து என்ன பயன்? அமர நாற்காலி இல்லையே!

2012-இல் சாண்டா மோனிகா கல்லூரி ஒரு வழி கண்டது. முழுச் செலவையும் மாணவரே ஏற்கும் கூடுதல் வகுப்புகளை, அலகுக்கு ஏறத்தாழ 200 டாலர் கட்டணத்தில், நடத்தலாம் என்றது. இடமே இல்லாததைவிட விலைக்கேனும் இடம் கிடைப்பது நன்றன்றோ என்பது நிர்வாகத்தின் வாதம். பணம் உள்ளவர் முந்திச் செல்லப் பொதுக் கல்லூரியே பாதை போடுவதா என்பது மாணவரின் வினா. ஏப்ரல் மாதம் ஆட்சிக் குழுக் கூட்டத்தின்போது மாணவர் போராடினர். காவலர் மிளகுத் தூள் தெளிப்பானைப் பயன்படுத்தினர். சில நாட்களில் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது.

நிர்வாகத்தின் வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. மாணவரின் வினாவும் பொய்யன்று. இரண்டுக்கும் விடை கல்லூரிக்குள் இல்லை. அவ்வாண்டு நவம்பரில் வருமான வரியையும் விற்பனை வரியையும் உயர்த்தும் தீர்மானத்தை மக்கள் வாக்களித்து ஏற்றனர். அதன்பின்னரே வகுப்புகள் மீளத் தொடங்கின.

நண்பர்களே, கட்டணம் உயர்ந்தால் குரல் எழுப்ப நாம் இருக்கிறோம். வகுப்பு குறைந்தால் இழப்பவர் இன்னும் உள்ளே வராதவர். அவருக்குச் சங்கமும் இல்லை, இதழும் இல்லை. அவருக்காகவும் பேசுவது உள்ளே இடம் பெற்ற நம் கடமை.