சங்கை எடுத்தால் விளக்கு எரியும்

கேள்வி: வீட்டு விளக்குகளை செல்போன் ஆப்பில் இயக்குகிறோம். வயதான அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. அலமாரியில் இருக்கும் சங்கையே சுவிட்ச் ஆக்க முடியுமா? – வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாக. சங்கின் அடியில் சிறு காந்தத்தை ஒட்டுங்கள். அது உட்காரும் மெல்லிய மரப்பலகைக்குக் கீழே, கதவு திறந்தால் தகவல் தரும் காந்த சென்சாரைப் பொருத்துங்கள். எடுத்தால் விளக்கு எரிய வேண்டும், வைத்தால் அணைய வேண்டும் என்று ஆப்பில் நீங்கள் ஒருமுறை அமைத்துவிட்டால் போதும், அம்மா போனைத் தொடவே வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடிக்குமே என்று தயங்காதீர்கள். ரீட் சுவிட்ச் உள்ள சென்சாராகக் கேட்டு வாங்குங்கள், அதன் தொடுமுனைகள் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும். சென்சாருக்குப் பதில் போன் படிக்கும் என்.எஃப்.சி. ஸ்டிக்கரை ஒட்டினால் மலிவுதான், ஆனால் அதற்குப் போனை அருகில் கொண்டுபோக வேண்டும்.

திரையைவிடப் பொருள் எளிது என்பதற்குச் சான்று உண்டு. 1992-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் டரல் பிஷப் வடிவமைத்த தொலைபேசிப் பதிவுக் கருவியில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கோலி உருண்டு வரும், அதைக் குழியில் வைத்தால் செய்தி ஒலிக்கும். உங்கள் கடலிலேயே முத்துக்குளித்தவர்கள் கயிற்றைச் சுண்டித்தான் படகிலிருந்தவரிடம் ‘தூக்கு’ என்றார்கள். கைக்குப் பழகிய செயலைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் சங்கைத் தூக்கிக்கொண்டு ஓடினால்? அதற்காகத்தான் சுவர் சுவிட்சை எடுத்துவிடாமல், அதன் பின்னாலேயே, ஆப்பின் கட்டளைப்படி விளக்கை இயக்கும் ஸ்மார்ட் ரிலேயைப் பொருத்தச் சொல்லுங்கள்; சங்கு இல்லாதபோதும் சுவிட்ச் வேலை செய்யும். மின்விசிறிக்கு வேறொரு பொருளை வையுங்கள், ஒரே சங்குக்கு இரண்டு வேலை கொடுத்தால் அம்மா குழம்பிவிடுவார்.