தொழில் பாடம்: பாசி தின்னும் மீனை விற்கும் முன்



கல்லாவுக்குப் பக்கத்தில் மீன்தொட்டி வைப்பது நம் பகுதிக் கடைகளில் வழக்கமாகி விட்டது. வாஸ்துவுக்காக வைப்பவர் உண்டு. பிள்ளைகள் வேடிக்கை பார்த்து நிற்கும் நேரத்தில் பெரியவர்கள் இன்னும் இரண்டு சாமான் கேட்பார்கள் என்று வைப்பவரும் உண்டு. மளிகையோடு மீன் தீவனம் வைத்து, பிறகு மீனும் விற்பவர்கள் சென்னை கொளத்தூர் மொத்தக் கடைகளில் சரக்கு எடுக்கிறார்கள். செங்குன்றம் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் ஊத்துக்கோட்டை திரும்பி விடலாம்.

அவர்களிடம் வாடிக்கையாளர் அடிக்கடி கேட்பது இது: "கண்ணாடி பச்சையாப் போவுதுங்க, சுத்தம் பண்ற மீன் இருக்கா?" நாமும் ஒரு சக்கர் மீனைப் பிடித்துப் பையில் போட்டுக் கொடுத்து விடுகிறோம். கொடுக்கும் முன் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. தொட்டியில் என்னென்ன மீன் இருக்கிறது? தொட்டி எவ்வளவு பெரிது?

டைகர் பார்ப், கான்விக்ட், ஃபயர் மவுத், ஜாக் டெம்ப்சி, நீலக் கௌராமி போன்றவற்றை அரை முரடு என்று சொல்லலாம். ஒன்றையொன்று கொன்று தின்பவையல்ல. ஆனால் இடத்துக்குச் சண்டை போடும், செதிளைக் கொத்தும், வாலைக் கடிக்கும். இவற்றோடு விடும் பாசி மீனுக்கு அடி தாங்கும் உடம்பு வேண்டும், ஒளிய இடம் வேண்டும், தானே சண்டைக்குப் போகாத குணமும் வேண்டும். ஒன்றரை அங்குல ஓட்டோசிங்க்லஸ் அருமையான பாசி மீன்தான். அதை ஜாக் டெம்ப்சி தொட்டியில் விட்டால் பாசி போகாது, மீன்தான் போகும்.

சக்கர் மீன் கதை வேறு. கடையில் இரண்டு அங்குலத்தில் விற்கிறோம். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த இது ஓர் அடிக்கு மேல் வளரும். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 130 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் அந்த மீன் திரும்பவே இடமிருக்காது. வளர வளரப் பாசியில் நாட்டம் குறையும், கழிவு பெருகும். பசி மிஞ்சினால் இரவில் தட்டை உடம்புள்ள, மெதுவாக நீந்தும் மீன்களின் மேல் ஒட்டி வழவழப்பை உறிஞ்சுவதும் உண்டு. சுத்தம் செய்ய வாங்கியதே அசுத்தம் செய்கிறது என்று வாடிக்கையாளர் வந்து நின்றால் நாம் என்ன பதில் சொல்வது?

எங்களுக்கே நேர்ந்த ஒன்றையும் சொல்லி விடுகிறோம். மொத்தக் கடை ஒன்றில் மஞ்சள் நிறத்தில் அழகாக இருக்கிறதே என்று சைனீஸ் ஆல்கே ஈட்டர் என்ற மீனைப் பத்து வாங்கி வந்தோம். குட்டியில் நன்றாகப் பாசி தின்றது. சில மாதங்களில் அதே மீன் மற்ற மீன்களைத் துரத்தி, பக்கவாட்டில் ஒட்டிப் புண்ணாக்கியது. வாங்கியவர்களில் மூவர் பையோடு திரும்பி வந்தார்கள். அது வளர்ந்தால் முரடாகும் இனம் என்பது விற்ற எங்களுக்குத் தெரியாமல் போனது எங்கள் குறைதான்.

அரை முரட்டுத் தொட்டிக்கு நாங்கள் இப்போது முதலில் சொல்வது பிரிஸ்டில்நோஸ். இதுவும் சக்கர் வகைதான். ஆனால் நான்கைந்து அங்குலத்தோடு நிற்கும். உடம்பு முழுக்கக் கவசம். ஆண் மீனின் மூக்கில் முட்கள் கிளைத்திருக்கும், அதை வைத்தே அடையாளம் காணலாம். மூன்றடித் தொட்டிக்கு ஒன்று போதும். இரண்டு ஆண்களைச் சேர்த்தால் குகைக்குச் சண்டை வரும். தேங்காய்ச் சிரட்டை, உடைந்த மண்சட்டி என்று ஓர் ஒளிவிடமும், சுரண்டித் தின்ன ஒரு மரக்கட்டையும் வேண்டும். விளக்கணைத்த பிறகு வெள்ளரித் துண்டு ஒன்றைக் கல் கட்டிப் போடச் சொல்லுங்கள். பாசி மட்டும் வயிற்றுக்குப் போதாது.

டைகர் பார்ப் போன்ற சுறுசுறுப்பான மீன்களோடு சயாமீஸ் ஆல்கே ஈட்டர் ஒத்துப் போகும். மற்றவை தொடாத கருந்தாடிப் பாசியையும் தின்னும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் சைனீஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சயாமீஸுக்கு உடம்பின் கருங்கோடு வால் நுனி வரை ஓடும்.

கொள்முதலின்போது வயிற்றைப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருந்தால் பட்டினி கிடந்த சரக்கு, பிழைப்பது அரிது. வந்ததும் இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்து விற்கவும். முரட்டு மீன்கள் ஏற்கெனவே இருக்கும் தொட்டியானால், கற்களை இடம் மாற்றி வைத்து, விளக்கணைத்தபின் புது மீனை விடச் சொல்லவும். பழைய மீன்களின் எல்லை கலைந்து போவதால் அடி குறையும்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெயில் படும் சன்னலும், அதிகத் தீவனமும், மாற்றாத தண்ணீரும் இருக்கும் வரை எந்த மீனாலும் பாசி ஒழியாது. போர்வை போலப் படர்ந்து நாறும் நீலப்பச்சைப் பாசியை இந்த மீன்கள் எதுவும் தின்னாது. சில நேரம் மீன் விற்காமல் ஒரு சுரண்டியை விற்பதே நேர்மையான வியாபாரம்.

வளர்ந்த சக்கரை வாடிக்கையாளர் என்ன செய்வார் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. கொல்ல மனம் வராமல் ஆரணியாற்றிலோ கால்வாயிலோ விட்டு விடுகிறார்கள். நம் ஊர் சாதாரண இடமல்ல. ஆரணியாறு பொன்னேரி பக்கமாகப் போய்ப் பழவேற்காட்டில் சேர்கிறது. 1996ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணா நீர் நம் எல்லையில்தான் தமிழகத்துக்குள் நுழைந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து சென்னையின் குடிநீர். இந்த மீன் காற்றையும் சுவாசித்துக் குறைந்த நீரிலும் பிழைக்கும், கரையில் வளை தோண்டி முட்டையிடும், முள்ளால் வலையைக் கிழிக்கும். மெக்சிகோ நாட்டில் இன்ஃபியர்னியோ அணைக்கட்டில் திலேப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் தொழிலையே இது நொடிக்க வைத்தது.

ஆகவே சக்கர் விற்கும் கடைக்காரர்கள், "பெரிதானால் எங்களிடமே கொண்டு வாருங்கள், ஆற்றில் விடாதீர்கள்" என்று பையைக் கொடுக்கும்போதே சொல்லி விடவும். திரும்பி வருபவற்றைப் பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம், அல்லது அடுத்த சரக்கெடுக்கப் போகும்போது கொளத்தூருக்கே எடுத்துப் போகலாம். மடித்த ஈரச் சாக்கில் வைத்தாலும் சில மணி நேரம் தாங்கும் மீன் அது. வாளியில் தண்ணீரோடு கொண்டு போனால் வண்டியில் குலுங்கினாலும் ஒன்றும் ஆகாது. வாளிக்கு மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும்.