கல்லாவுக்கு இன்னொரு கணக்குப்பிள்ளை



நம் சேந்தமங்கலத்தில் மளிகைக் கடையானாலும் காய்கறிக் கடையானாலும் கல்லாவுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் அட்டை நிற்கிறது. கொல்லிமலையிலிருந்து இறங்கி வரும் பெரியவர்கூட அரிசி வாங்கியதும் பேரனின் போனை நீட்டுகிறார். சில்லறைத் தகராறு இல்லை, கள்ளநோட்டு பயமும் இல்லை. இந்த வசதியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அட்டை பணத்தை வாங்குவதோடு நிற்பதில்லை, கணக்கும் எழுதுகிறது. எழுதுகிறவர் நம் கணக்குப்பிள்ளை அல்ல என்பதுதான் இம்மாதப் பாடம்.

1959-ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம் நடந்த காலத்தில், அதிகாரி கடைக்கு வந்து நாள்வழியையும் பேரேட்டையும் புரட்ட வேண்டியிருந்தது. லாரியைச் சோதனைச் சாவடியில் நிறுத்த வேண்டியிருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 முதல் இ-வே பில். வெளிமாநிலச் சரக்கு 50 ஆயிரம் ரூபாயைத் தாண்டினாலும், சேலம் லீ பஜாரிலிருந்து நமக்கு வரும் வரிச் சரக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலும், வண்டி எண்ணோடு முன்கூட்டியே பதிவாகிவிடுகிறது. கொள்முதல் இப்படித் தெரிகிறது. விற்பனையை யு.பி.ஐ. காட்டிக் கொடுக்கிறது.

2016-ல் தொடங்கிய யு.பி.ஐ.யில் பெரும்பகுதி போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டின் வழியாகவே நடக்கிறது. முதலாவதில் பெரும்பங்கு அமெரிக்காவின் வால்மார்ட்டிடம், இரண்டாவது கூகுளுடையது. அதே வால்மார்ட்தான் 2018-ல் பிளிப்கார்ட்டையும் வாங்கியது. நம் கடையில் எந்த நேரத்தில் எவ்வளவு பணம் விழுகிறது என்ற விவரம், நமக்குப் போட்டியாக வீட்டு வாசலில் சாமான் இறக்குகிறவர்களின் முதலாளி வைத்திருக்கும் நிறுவனத்தின் வழியே போகிறது. இந்தத் தகவலை இந்தியாவில்தான் சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் உத்தரவிட்டது, நல்லதுதான். ஆனால் எங்கே இருக்கிறது என்பது வேறு, யார் பார்க்கிறார்கள் என்பது வேறு.

அரசு பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்டை மாநிலமே சாட்சி. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, முந்தைய நான்கு ஆண்டுகளின் யு.பி.ஐ. வரவைப் பெற்று ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரியிடம் 29 லட்சம் ரூபாய் கேட்கப்பட்டது. பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது! பெங்களூரில் பல கடைக்காரர்கள் ஸ்கேன் அட்டையைக் கழற்றி, 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். ஜூலை 25-ல் கடையடைப்பு என்று அறிவித்தார்கள். 23-ஆம் தேதி முதல்வர் சித்தராமையா வணிகர்களைச் சந்தித்து, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்ய வேண்டும் என்று கூறிய பின்னரே போராட்டம் கைவிடப்பட்டது.

பிரேசிலிலும் இதே கதைதான். 'பிக்ஸ்' எனும் போன் பணமாற்று விவரங்களைத் தெரிவிக்கும் விதி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்து, எதிர்ப்பால் அதே மாதம் 15-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆகஸ்டில் வேறு வடிவில் மீண்டும் வந்தது. ஆகவே அட்டையைக் கழற்றுவது தீர்வாகாது. வங்கியில் விழுந்த பழைய வரவு அப்படியேதான் இருக்கும். நம் கணக்கை நாமே சரியாக எழுதுவதுதான் வழி.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மளிகைக் கடைக்கு ஆண்டில் ஸ்கேன் மூலம் வந்தது 46 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8 லட்சம் கைமாற்றும், சீட்டுப் பணமும், ரொக்கம் கொடுத்து போனில் வாங்கியதும். மீதி விற்பனை 38 லட்சம். ரொக்க விற்பனை 7 லட்சத்தைச் சேர்த்தால் 45 லட்சம். இதில் சில்லறையாக நிறுத்துக் கொடுத்த அரிசி, பருப்பு முதலிய வரியில்லாச் சரக்கு 27 லட்சம். சோப்பு, எண்ணெய் போன்ற வரிச் சரக்கு 18 லட்சம்.

சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு வரம்பு 40 லட்சம். வரியில்லாச் சரக்கும் இந்த வரம்புக் கணக்கில் சேரும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஆகவே இவர் பதிவு செய்தாக வேண்டும். ஒன்றரைக் கோடி வரை விற்பவருக்குள்ள கம்போசிஷன் முறையில் முன்பே சேர்ந்திருந்தால், வரிச் சரக்குக்கு மட்டும் ஒரு சதவீதம், அதாவது 18 ஆயிரம் ரூபாய். பதிவும் கணக்கும் இல்லாமல், 46 லட்சத்துக்கும் 18 சதவீதம் என்று போட்டால் 8 லட்சத்து 28 ஆயிரம். வட்டியும் அபராதமும் தனி. வரியில்லாச் சரக்கு மட்டுமே விற்பவருக்கு 40 லட்சத்தைத் தாண்டினாலும் பதிவு தேவையில்லை. ஆனால் அதை மெய்ப்பிக்கக் கொள்முதல் பில் வேண்டும். 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம் வரி உண்டு என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. கடைக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு வேறொன்று. கைமாற்றும் சீட்டும் கடை அட்டையில் விழக்கூடாது.

2. தினமும் கடை சாத்துமுன் ஸ்கேன் வரவு, ரொக்கம், வரிச் சரக்கு, வரியில்லாச் சரக்கு என நான்கு பத்தியாகக் குறித்து வையுங்கள்.

3. மாதாமாதம் கூட்டிப் பாருங்கள். 30 லட்சத்தைத் தொட்டதுமே வரி ஆலோசகரைப் பாருங்கள்.

4. நோட்டீஸ் வந்தால் பயந்து ஒளித்து வைக்காமல், குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். தனியே தவிக்காமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

அரசிடமும் நாம் கேட்க வேண்டியது உண்டு. வங்கிக்கு வந்த பணமெல்லாம் விற்பனை அல்ல. விற்பனையெல்லாம் வரிச் சரக்கு அல்ல. தொகையை மட்டும் பார்த்து வரி கேட்காமல், முதலில் விளக்கம் கேட்கட்டும். பெரிய நிறுவனத்துக்குக் கணக்குத் தணிக்கையாளர் இருக்கிறார். பெட்டிக் கடைக்காரருக்கு நோட்டீஸைப் படித்துச் சொல்லக்கூட ஆள் இல்லை. இதைச் சங்கத்தின் வழியாக ஒன்றாகக் கேட்போம்.

ஆனால் அப்படிக் கேட்கப் போகும்போது நம் கையில் நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். இன்றிரவே முதல் பக்கத்தை எழுதத் தொடங்குவோம்.