போதைப் பழக்கமும் நம் சமூகச் சூழலும்

ஒருவர் போதைப்பொருளை ஏன் தொடுகிறார்? "கூடாநட்பு" என்பதே நாம் வழக்கமாகச் சொல்லும் பதில். இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக் கட்டுரைகளுக்கு நாங்கள் மனனம் செய்த பதிலும் அதுதான். அது பொய்யன்று. ஆனால், அந்த நட்பு எங்கே, எதனால் கூடுகிறது என்பதையும் நாம் ஆராய வேண்டும்.

வரலாறு காட்டும் உண்மை

மலாயாவில் போதை ஒரு காலத்தில் ஆட்சியாளரின் வருமானமாக இருந்தது. பிரிட்டிஷார் காலத்தில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களிடையே அபின் விற்கப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமானத்தில், சில ஆண்டுகளில், ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது. இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோருக்குக் கள்ளுக்கடை வைத்தார்கள். காலையில் பால்மரம் வெட்டியவரின் கூலியில் ஒரு பகுதி மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தது.

தொழிலாளர்கள் இதை உணராமல் இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். குடிப்பவரைத் திட்டுவதோடு அவர்கள் நிற்கவில்லை. குடிக்கவைக்கும் சூழலையே மாற்ற முனைந்தார்கள்.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

1970-களில் ஹெராயின் பரவியது. 1983 பிப்ரவரி 19-இல் போதைப்பொருள் நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என அறிவிக்கப்பட்டது. இன்று ஷாபு போன்ற செயற்கைப் போதைப்பொருள்களே முன்னிற்கின்றன. தூக்கத்தையும் பசியையும் சில மணி நேரம் விரட்டுவதால், இரவு வேலை செய்வோரையும் நெடுந்தூரம் லோரி ஓட்டுவோரையும் ஷாபு எளிதில் பிடித்துக்கொள்கிறது.

இதே காலத்தில்தான் நம் குடும்பங்கள் பல தோட்டங்களைவிட்டு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்தில் ஒரு பையன் தவறினால் அடுத்த வீட்டுப் பாட்டி கண்டிப்பார். அடுக்குமாடியில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, கண்டிக்க ஆளில்லை.

என்னோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுள் சிலர் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தனர். ஓராண்டு பின்தங்கி, பாடமும் விளங்காமல், கடைசி வரிசையில் அமர்ந்தவர்கள் மூன்றாம் படிவத்திற்குள் பள்ளியைவிட்டே நின்றுவிட்டனர். பள்ளியில் கிடைக்காத மதிப்பு அவர்களுக்குத் தெருமுனையில் கிடைத்தது. "வா தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்க அங்கே ஓர் 'அண்ணன்' இருந்தார். கூடாநட்பு இப்படித்தான் கூடுகிறது.

பண்பாட்டின் பங்கு

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். நாமோ பிறந்தநாள் விருந்திலும் மது வைக்கிறோம். துக்க வீட்டிலும் வைக்கிறோம். மகிழ்ச்சியானாலும் துயரமானாலும் போதை வேண்டும் என்ற பாடத்தைச் சிறுவர்கள் நம்மிடமிருந்தே கற்கிறார்கள்.

இதைவிடக் கொடியது நம் மௌனம். "நாலு பேருக்குத் தெரிந்தால் தங்கச்சியை யார் கட்டுவார்?" என்ற அச்சத்தில் குடும்பமே நோயை மறைக்கிறது. கோயிலில் கயிறு கட்டுகிறோம். வெளியூர் மாமா வீட்டுக்கு அனுப்புகிறோம். "ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்று திருமணமும் செய்துவைத்து, ஒரு பெண்ணின் வாழ்வையும் சேர்த்துக் கெடுக்கிறோம். சிகிச்சைக்குரிய காலமோ இதற்குள் கடந்துவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

போதைப் பித்தர் தாமே முன்வந்து சிகிச்சை கோர 1983-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தை அணுகலாம். ஹெராயினுக்கு அடிமையானோருக்கு 2005 முதல் மெத்தடோன் சிகிச்சை அளிக்கப்படுகிறது. ஷாபுவுக்கு அத்தகைய மாற்று மருந்து இல்லை. ஆலோசனையும் குடும்பத்தின் அரவணைப்புமே முதன்மையான துணை. ஆகவே, குடும்பம் வாய்திறப்பதே சிகிச்சையின் முதற்படி.

மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. தமிழ்ப்பள்ளிகளில் நாம் நடத்தும் முகாம்கள் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகின்றன. ஆனால், ஒரு பையன் தடுமாறுவது அதற்கு அடுத்த ஆண்டில்தான். அந்த ஆண்டிலும் வாரம் ஒரு மாலை அவனுக்கு மலாயும் கணிதமும் சொல்லிக்கொடுப்போம். "சாப்பிட்டியா?" என்று கேட்கும் அண்ணனாக, அக்காளாக முதலில் நாம் போய் நிற்போம்.