பழைய மீன்தொட்டி மணல்: கழுவினால் மட்டும் போதுமா?

மாணவர்களே, வீட்டிலோ வகுப்பறையிலோ மீன்தொட்டி வைத்திருக்கிறீர்களா? தொட்டியை மாற்றும்போது சிலர் பழைய மணலைக் குழாய் நீரில் பளிச்சென்று கழுவி, புதுத் தொட்டியில் கொட்டி, அன்றே மீன்களையும் விட்டுவிடுவார்கள். நீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால், சில நாள்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். ஒவ்வொன்றாக இறக்கவும் கூடும். சுத்தமான மணலில் மீன் ஏன் இறக்கிறது?

மணலில் இருப்பவை எவை?

பயன்படுத்திய மணலில் மூன்று வகைப் பொருள்கள் இருக்கலாம். ஒன்று, மீனின் கழிவும் மிச்ச உணவும். இரண்டு, நோய்க்கிருமிகள். மூன்று, நன்மை செய்யும் பாக்டீரியாக்கள்.

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது மீனுக்கே நஞ்சு. மணல் துகள்களின் மேல் மெல்லிய படலமாக வாழும் ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சுதான், நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. இந்தப் பாக்டீரியாக்களை 1890ஆம் ஆண்டு வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கை வினோகிராட்ஸ்கி.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மணல் துகள்களை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள் எனக் கொள்வோம். அப்படியானால் 1 லிட்டர் மணலின் மொத்த மேற்பரப்பு ஏறக்குறைய 3.6 சதுர மீட்டர்! இருவர் படுக்கும் பெரிய மெத்தையின் அளவு அது. அவ்வளவு இடத்தில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. குழாய் நீரிலுள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். அவை மீண்டும் போதிய அளவு பெருகப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டியில் அம்மோனியா சேர்ந்துவிடுகிறது. மீன்கள் இறப்பது இதனால்தான்.

அழுக்கைப் பிரிக்கும் அடர்த்தி

மணலின் அடர்த்தி ஏறக்குறைய 2.65 கிராம்/கன சென்டிமீட்டர். மீன் கழிவின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றே அதிகம். ஆகவே, மணல் சில நொடிகளில் அடியில் தங்கும். கழிவு மிதந்துகொண்டே இருக்கும். வாளியில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, நீர் ஊற்றிக் கையால் நன்கு கலக்குங்கள். 5 முதல் 10 நொடி பொறுத்து, கலங்கிய நீரை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள். நீர் தெளியும்வரை இப்படிச் செய்யலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இது பழக்கப்பட்ட அறிவியல். 1857இல் ஈயம் தேடி வந்தவர்களால் வளர்ந்த ஊர் கோலாலம்பூர். டுலாங் எனும் அகன்ற தட்டில் மணலை அள்ளி, ஓடும் நீரில் சுழற்றுவார்கள். இலேசான மணல் வெளியேறும். கனமான ஈயத்தாது தட்டில் தங்கும். அங்கே மணல் கழிவு. இங்கே மணல்தான் நமக்கு வேண்டிய பொருள். தத்துவம் ஒன்றே.

எந்த மணலை எப்படிக் கழுவுவது?

மீன்கள் நலமாக இருந்து, மணலை உடனே பயன்படுத்துவதாக இருந்தால்: தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெதுவாக அலசுங்கள். மணலைக் காயவிடாமல் அன்றே புதுத் தொட்டியில் போடுங்கள். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மணலாக இருந்தால்: பாக்டீரியாக்கள் முன்பே இறந்திருக்கும். குழாய் நீரில் தாராளமாகக் கழுவலாம். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும் மணலையும் இப்படியே கழுவி, மெல்லிதாகப் பரப்பி வெயிலில் உலர்த்துங்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுடையது. ஆக்சிஜன் எட்டாத அடிமணலில் உருவாவது. மீன்கள் உள்ளே இருக்கும்போது அத்தகைய மணலைக் கிளறக்கூடாது.

நோயுற்ற மீன்கள் இருந்த மணலாக இருந்தால்: முதலில் அழுக்கைக் கழுவ வேண்டும், பிறகுதான் வாசனை சேர்க்காத குளோரின் வெளுப்புத் திரவத்தில் ஊற வைக்க வேண்டும். அழுக்கு மிச்சமிருந்தால், கிருமியைத் தொடுமுன்னே குளோரின் அதோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நீரை மணலில் வடிகட்டிய பிறகே குளோரின் சேர்த்துக் கிருமி நீக்குகிறார்கள். ஊறிய மணலைப் பலமுறை அலசி, மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கி கலந்த நீரில் வைத்து, உலர்த்துங்கள். குளோரினுக்கு எளிதில் சாகாத கிருமிகளும் உண்டு. ஆகவே, காரணம் தெரியாமல் மீன்கள் கூட்டமாக இறந்திருந்தால், அந்த மணலை ஒரு பையில் கட்டிக் குப்பையில் போடுவதே நல்லது.

பின்னிரண்டு வகை மணலிலும் நல்ல பாக்டீரியா இல்லை. ஆகவே, அவற்றைப் புது மணலாகவே கருதி, தொட்டி பழகும்வரை குறைந்த மீன்களை மட்டும் விடுங்கள்.

கவனம்!

வெளுப்புத் திரவத்தைப் பெரியவர் ஒருவரின் துணையோடு, காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்தே பயன்படுத்துங்கள். அதனுடன் வினிகரைக் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிவரும். சவர்க்காரத்தால் மணலைக் கழுவாதீர்கள். அதன் மிச்சம் மீனின் செவுளைப் பாதிக்கும். கையில் புண் இருந்தால் பழைய மணலைத் தொடவே வேண்டாம்.

கழுவிய நீர் எங்கே போகிறது?

அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் மணலைக் கொட்டினால், குழாயின் வளைவில் தங்கி அடைத்துக்கொள்ளும். பிரிக்ஃபீல்ட்ஸ் கிள்ளான் ஆற்றையொட்டி அமைந்துள்ளது. அந்த ஆறு கிள்ளான் நகரைக் கடந்து கடலில் சேர்கிறது. மணலில் ஒட்டிய நத்தை முட்டைகளையும் தாவரத் துண்டுகளையும் வடிகாலில் விட்டால், அவை ஆற்றைச் சேரலாம். மீன்தொட்டிகளுக்காகத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட 'ஈக்கான் பண்டாராயா' இன்று கிள்ளான் ஆற்றில் பெருகிக் கிடப்பதை மறக்கக்கூடாது. உப்போ மருந்தோ வெளுப்புத் திரவமோ கலக்காத கழுவல் நீரைப் பூச்செடிகளுக்கு ஊற்றுங்கள்; அதிலுள்ள நைட்ரஜன் செடிக்கு உரம்.

செய்து பாருங்கள்

மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு அழுக்கு மணலை எடுங்கள். ஒன்றை 1 முறையும், அடுத்ததை 3 முறையும், மற்றதை 6 முறையும் அலசுங்கள். ஒரே அளவு நீர் ஊற்றிக் கலக்கி, 1 நிமிடம் விடுங்கள். பின்னால் ஒரு நாளிதழை வைத்து, எந்தக் குவளை வழியாக எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இதில் தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது? எழுத்துகள் மிகத் தெளிவாகத் தெரிந்த குவளையின் மணல், மீன்களுக்கும் மிகப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியுமா? காரணத்துடன் எழுதுங்கள்.