நத்தார் என்னும் சொல்

கேள்வி: கொழும்பிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் கிறிஸ்துமஸை 'நத்தார்' என்றே சொல்லுகிறார். 'நத்துதல்', அதாவது விரும்புதல், என்னும் நம் வினையிலிருந்து பிறந்த சொல்லோ இது?
– ஒரு வாசகர், பாஞ்சாலங்குறிச்சி

பதில்: தங்கள் ஊகம் ரசமானது, ஆயினும் சொல்லின் பூர்வீகம் வேறு. ஜனனத்தைக் குறிக்கும் 'நாத்தாலிஸ்' என்ற லத்தீன் பதம் போர்த்துகீசியரிடம் 'நத்தால்' ஆகி, 1505-ல் இலங்கையில் கால்வைத்த அவர்களோடு வந்து, தமிழர் நாவில் ஈற்று லகரம் ரகரமாகத் திரிந்து, 'ஆர்' என்னும் மரியாதை விகுதி பெற்றதுபோல் தோற்றமளிக்கும் 'நத்தார்' ஆயிற்று. சிங்களவரோ லகரத்தை விடாமல் 'நத்தல்' என்கின்றனர். தங்கள் வீட்டுச் சாவியும் ஜன்னலும் அலமாரியும்கூட அந்தப் பாஷை தந்தவையே. கரிசற்காட்டு வீடுகளுக்குள் அவை நுழைந்தபோதும், பண்டிகையின் பெயர் மட்டும் ஏனோ இலங்கையில்தான் நிலைபெற்றது.

இதைவிட விசித்திரம் ஒன்றுண்டு. 1497 டிசம்பரில் கிறிஸ்து ஜயந்தியை ஒட்டித் தென்னாப்பிரிக்கக் கரையோரம் சென்ற வாஸ்கோட காமா, அக்கரைக்கு இதே பெயரைச் சூட்டினார். அதுவே நேட்டால். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனை அடைந்தபோது, கரும்புத் தோட்டங்களை நோக்கிக் கரையிறங்கிய நம்மவர் தாம் மிதித்த மண்ணின் பெயரே 'நத்தார்' என்பதை அறிந்திருப்பரோ!